கல்லக்குடிக் கல்லும் குருசடைப் பாசியும்

என் மேசைமேல் காகிதங்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். கைலாசபுரத்தில் மகனுடைய குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தபோது, கல்லக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கொடுத்தது. கல்லக்குடி என்றால் நம் வயதுக்காரர்களுக்கு 1953-இன் ரயில் மறியல்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தக் கல்லோ அதற்கும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சிறுசிறு நட்சத்திரப் பூக்கள் தெரியும். அவை பவளம். நடுவே வெங்காயத் தோல்போல் வளைந்து ஓடும் வரிகள் பாசி. ஆம், நம் திருச்சி மாவட்டத்தின் வடக்கு எல்லையில் ஒரு காலத்தில் கடல் இருந்தது, அதில் பவளத்திட்டும் இருந்தது.

இதைக் கண்டுபிடித்த கதையில் வெள்ளைக்கார அதிகாரிகள் உண்டு. 1840 வாக்கில் சென்னை அரசில் வேலை பார்த்த கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் கல்லாகிப்போன சிப்பிகளைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்து எழுதினார். புதுச்சேரிச் சிப்பிகளைப் பற்றி பிரெஞ்சுக்காரர் தோர்பிஞியும் எழுதியிருக்கிறார். காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அந்தப் பெயரை விட்டுவிட மனம் வரவில்லை. பிறகு ஸ்டோலிச்கா 1873-இல் நம் பக்கத்துப் பவளங்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1936-இல் எல். ராமராவும் வியன்னாவின் யூலியஸ் பியாவும் திருச்சி மாவட்டத்து நின்னியூர்ப் படிவுகளில் கிடைத்த கல்லான பாசிகளைப் பற்றி எழுதினார்கள்.

போன கோடை விடுமுறையில் பேரன் அந்தக் கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, பாசி வந்தா பவளம் செத்துடும்னு மிஸ் சொன்னாங்களே. இதுல ரெண்டும் ஒண்ணா இருக்கே?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அவன் ஊருக்குப் போன பிறகு நாலு மாதம் படித்தேன். படிக்கப் படிக்க, நான் 1975 முதல் ஆறு வருஷம் மண்டபத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது கண்ணால் பார்த்தும் புரிந்துகொள்ளாத பல விஷயங்கள் திரும்ப வந்தன. அதைத்தான் எழுதுகிறேன்.

பேரனுக்கான பதில் முதலில். பாசி என்பது ஒரே சாதி இல்லை. பவளம் ஒரு பூச்சி அளவு பிராணி. அதன் உடம்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலில் உணவு செய்து, வாடகைபோல வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. இன்னொரு வகை, கல்லைப்போல் இறுகிப் படரும் செம்பாசி. அது உடைந்த பவளத்தைச் சிமெண்ட் போல ஒட்டவைக்கும், பவளக் குஞ்சு வந்து உட்கார இடமும் தரும். கல்லக்குடிக் கல்லில் இருப்பது இந்த மாதிரிக் கல்பாசிதான். மிஸ் சொன்ன பாசி மூன்றாவது வகை: புல்லாகவும் புதராகவும் வளர்கிற கடல்பாசி. இதற்கும் பவளத்துக்கும் இடத்தகராறு. பவளம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. பாசியோ வாரக்கணக்கில் மூடிவிடும். வெயிலை மறைக்கும், வண்டலைப் பிடித்துவைக்கும், பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள வெறும் பாறையே இல்லாமல் செய்துவிடும்.

அப்படியானால் பவளத்திட்டு என்று ஒன்று எப்படி உலகத்தில் இருக்கிறது? மேய்கிறவர்கள் இருப்பதால். கிளிமீன், ஓரா, முள் உருண்டையாகத் திரியும் கடல் முள்ளெலி, சில வகைச் சங்குப் பூச்சிகள், இவையெல்லாம் பகல் இரவாகப் பாறையைச் சுரண்டிக்கொண்டே இருக்கின்றன. உய்யக்கொண்டான் கரையில் ஆடு மேயும் இடத்தையும் மேயாத இடத்தையும் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் இந்தச் சின்ன விஷயம் விஞ்ஞானிகளுக்கு விளங்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. டார்வின் 1836-இல் கீலிங் தீவில் கிளிமீன்களின் குடலை அறுத்துப் பார்த்தவர்களில் ஒருவர். உள்ளே சுண்ணாம்புத் தூள் இருந்தது. உயிருள்ள பவளத்தைத்தான் அவை மேய்கின்றன என்று 1842-இல் வந்த புத்தகத்தில் எழுதினார். பெரும்பாலான கிளிமீன்கள் தேடுவது பாறை மேலும் உள்ளேயும் இருக்கும் பாசியைத்தான். அலகு பலமாக இருப்பதால் கல்லும் சேர்ந்து வருகிறது, பின்னால் மணலாக விழுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் போடும். தீவுகளின் வெள்ளை மணலில் கால் வைத்து ரசிக்கிறவர்களிடம் இதை நான் சொல்வதில்லை.

பள்ளியில் எங்களுக்கு ஒரு நாள் கூஸ்தோவின் 'மௌன உலகம்' படம் திரையிட்டார்கள். 1956-இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படம். பவளத்திட்டை நான் முதலில் பார்த்தது அதில்தான். அதிலேயே மீன் கணக்கெடுக்கிறோம் என்று திட்டில் வெடி வைப்பார்கள். நாங்கள் கைதட்டினோம். வாத்தியார் படம் முடிந்ததும் கடல் முள்ளெலிக்குப் பிரெஞ்சில் 'ஊர்சேன்', கரடிக்குட்டி என்று அர்த்தம் வரும் என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் கரடிக்குட்டிதான் திட்டின் தோட்டக்காரன் என்று அவருக்கும் தெரியாது, கூஸ்தோவுக்கும் அப்போது தெரிந்திருக்காது.

1960-இல் ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் நடந்த ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. கரைப்பாறையில் மீன் நுழையாதபடி கம்பி வலையால் அடைத்தார்கள். அடைத்த இடத்தில் பாசி மண்டியது, வெளியே பாறை பாறையாகவே இருந்தது. ஒரு பைசா செலவில்லாத மாதிரியான சோதனை. ஆனால் அதன் முழு அர்த்தம் ஜமைக்காவில்தான் தெரிந்தது.

ஜமைக்காவின் வடகரையில் கடல்தட்டு மிகக் குறுகியது. கரையோர ஏழை மீனவர்கள் கம்பிக் கூடு போட்டு மீன் பிடித்துப் பிடித்து, 1960-களிலேயே மீன் வளத்தில் ஐந்தில் நாலு பங்கு போய்விட்டது. கிளிமீன் எல்லாம் கையகலத்துக்குமேல் வளர விடுவதில்லை. ஆனாலும் பவளம் நன்றாகவே இருந்தது. ஏனென்றால் மீன் விட்டுப்போன வேலையை நீண்ட கறுப்பு முள்ளெலிகள் எடுத்துக்கொண்டன. அவற்றைத் தின்னும் மீன்களும், அவற்றோடு தீனிக்குப் போட்டியிடும் மீன்களும் குறைந்ததால் அவை பெருகிக் கிடந்தன. 1980-இல் ஆலன் புயல் வந்து பவளத்தை நொறுக்கியது. அப்போதும் புதுக் குஞ்சுகள் முளைத்தன. 1983 ஜனவரியில் பனாமா கால்வாய் வாயருகே முள்ளெலிகளுக்கு ஏதோ நோய் கண்டது. ஓராண்டு சொச்சத்தில் கரிபியன் கடல் முழுக்கப் பரவி, நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் மாண்டன. இந்தத் தடவை வேலையை எடுத்துக்கொள்ள யாருமில்லை. டெர்ரி ஹியூஸ் என்பவர் 1994-இல் கணக்கை வெளியிட்டார்: 1977-இல் பாறைப்பரப்பில் 52 சதவீதம் பவளம், 4 சதவீதம் பாசி. 1993-இல் 3 சதவீதம் பவளம், 92 சதவீதம் பாசி.

எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி உறைக்கும். ஒரு செக்ஷனில் நாலு பேர் பார்த்த வேலையை, மூன்று பேர் மாற்றலாகிப் போனபின் ஒரே ஆள் பார்ப்பார். மேலதிகாரி 'வேலை நடக்கிறதே' என்று புதிய ஆள் கேட்கமாட்டார். அந்த ஒருவர் படுத்தால்தான் தெரியும்.

ஜமைக்காக் கூட்டைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கீழக்கரை நினைவு வந்தது. அங்கேயும் கூடுதான். வேலமர மிலாறுகளைப் பின்னிச் செய்து, பார் இடுக்குகளில் இறக்குவார்கள். நம் கடற்கரையில் பவளத்திட்டைப் 'பார்' என்பார்கள், இலங்கையில் முருகைக்கல் என்பார்கள். கூட்டில் களவாயோடு கிளிமீனும் ஓராவும் விழும். மண்டபத்தில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் வேதாளை வரை சைக்கிளில் போய் மீன் வாங்குவேன். அங்கேதான் வள்ளங்களிலிருந்து பவளக்கல் இறங்குவதையும் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருக்கும். ஈரம் காயாத கற்களில் ஒரு கவுச்சி நாற்றம் அடிக்கும். கல்லுக்கு ஏன் மீன் நாற்றம் என்று ஒரு நாளும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கல் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும், தூத்துக்குடியில் கார்பைடு தொழிலுக்குப் போகும், வீட்டுச் சுவருக்கும் ரோட்டுக்கும் போகும். 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் பவளத்திட்டுகளைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. அதில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும் இந்தக் கல் எடுப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். 1972-இல் அச்சானது. அக்காலத்தில் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 60,000 கன மீட்டர் எடுக்கப்பட்டதாகக் கணக்கு. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்தப் புத்தகம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வீட்டுக்காரர் காம்பவுண்ட் சுவர் கட்டினார். எனக்குக் கணக்கு எழுத வரும் என்பதால் வண்டிக் கணக்கு என் கையெழுத்தில்தான் இருந்தது. பதினோரு வண்டிக் கல். அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

1986-இல் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. இருந்தும் கல் எடுப்பு நிற்கவில்லை. 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக, சேர்த்தார்கள். 2005 வாக்கில்தான் ஒருவழியாக நின்றது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் முங்கிப் பார்த்து அளந்ததில், சுமார் 110 சதுர கிலோமீட்டர் திட்டில் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்து கிடந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சிதைந்த இடம் என்றால் என்ன? உடைந்த பவளக் கட்டாந்தரை. அதாவது பாசிக்குப் பட்டா போட்டுக் கொடுத்த நிலம்.

கல்லெடுப்பு நின்றாலும் கடல் சூடாவது நிற்கவில்லை. 2010-இலும் 2016-இலும் பவளங்கள் வெளுத்துச் செத்தன. 2016-இல் மட்டும் உயிருள்ள பவளம் சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. செத்த பவளத்தின் மேல் முதலில் வந்து உட்காருவது பாசியே. அப்போதுதான் மேய்கிறவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்பது முக்கியமாகிறது.

இதற்கிடையில் வெளியூரிலிருந்து ஒரு பாசி வந்தது. கப்பாஃபைகஸ் என்று பெயர், பிலிப்பைன்ஸ் ஊர். ஐஸ்கிரீம், பற்பசையில் கெட்டித்தன்மைக்குச் சேர்க்கும் காரஜீனன் இதிலிருந்து எடுக்கிறார்கள். மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் முதலில் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்து, 1995-இல் மண்டபம் கடலில் விட்டுப் பார்த்தது. பிறகு பெப்சி கம்பெனி வணிகமாக எடுத்து நடத்தியது. மூங்கில் மிதவை கட்டி, மகளிர் குழுக்கள் வளர்த்தார்கள். 45 நாளில் அறுவடை. ராமநாதபுரம் கடற்கரைப் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். அதற்கு முன் அவர்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு தீவோரம் முங்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் கட்டைக்கோரையும் பிடுங்கிப் பிழைத்தவர்கள். புதிய பாசிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பெப்சி பாசி'. நம் ஜனங்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். பக்கோடா பாசி என்றும் ஒன்று உண்டு, பார்த்தால் பக்கோடாவேதான்.

அந்த மிதவையின் அடியில் ஒரு வலை கட்டுவார்கள். எதற்கு? பாசி நழுவி விழாமல் இருக்க, அதோடு ஓராவும் மற்ற மீன்களும் வந்து மேயாமல் இருக்க. இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். ஹெரான் தீவில் மீனை வெளியே நிறுத்த அடைத்த அதே வலை. அங்கே சோதனை, இங்கே பிழைப்பு.

2005 டிசம்பரில் தமிழக அரசு, பாக் நீரிணையின் வடபக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கும் மட்டும் வளர்க்கலாம் என்று உத்தரவு போட்டது. 2008-இல் மதுரை தியாகராசர் கல்லூரியைச் சேர்ந்த சந்திரசேகரன் குழுவினர் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள்: குருசடைத் தீவில் மான்கொம்புபோல் கிளைவிடும் பவளங்களின் மேல் இந்தப் பாசி படர்ந்து மூச்சை அடைக்கிறது என்று. உப்பு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2010-இல் மறுத்தார்கள். பரவியது மிகச் சின்ன இடத்தில்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு பக்கத்துத் தீவுகளிலும் காணப்பட்டது. வனத்துறை ஆள் வைத்துக் கையால் பிடுங்க வைத்தது. விரல் நீளத் துண்டு மிஞ்சினாலும் மறுபடி தழைக்கும் பாசி அது. இந்தக் குருசடைத் தீவு சாதாரண இடமல்ல. 1927-இலேயே சென்னை அருங்காட்சியகம் அத்தீவின் கடலோர உயிர்களைப் பட்டியலிட்டுத் தனி நூலே வெளியிட்டது.

ஓரா தின்னும் பாசிதானே, பிறகேன் தின்று தீர்க்கவில்லை என்று கேட்கலாம். தின்கிற வாய்களின் எண்ணிக்கைக்கும் பாசி வளரும் வேகத்துக்கும் உள்ள கணக்கு அது. கடித்துப் போடும் துண்டும் முளைக்கும். ராமநாதபுரத்துக்காரர்களிடம் சீமைக்கருவேலம் என்று சொன்னால் போதும். ஆடு அதன் இலையைச் சீண்டாது, காயை ருசித்துத் தின்று, கொட்டையைப் போகிற இடமெல்லாம் விதைத்துவிட்டு வரும்.

ஹவாயிலும் இதே கதை நடந்தது, நமக்கு இருபது வருஷம் முன்னால். 1974-இல் கனியோஹே விரிகுடாவில் கொண்டுவந்து வளர்த்தார்கள். பாசி திட்டுகளை மூடியது. கடைசியில் ராட்சத உறிஞ்சு குழாய் வைத்துப் படகில் இழுத்தார்கள். இழுத்தபின் மறுபடி தழைக்காமல் இருக்க, 2011 முதல் குஞ்சுபொரிப்பகத்தில் வளர்த்த உள்ளூர்க் கடல் முள்ளெலிகளை லட்சக்கணக்கில் கொண்டுபோய்த் திட்டில் விட்டார்கள். கரடிக்குட்டிகளைச் சம்பளத்துக்கு வைத்த மாதிரி. பலன் கிடைத்தது.

மீன் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மோரேயா தீவு இருக்கிறது. முள் கிரீட நட்சத்திர மீன்கள் 2006-இலிருந்து பவளத்தைத் தின்று தீர்த்தன. மிச்சத்தை 2010 பிப்ரவரியில் ஓலி புயல் முடித்தது. வெளித்திட்டில் 5 சதவீதம்கூடத் தேறவில்லை. ஜமைக்கா மாதிரி ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். ஆகவில்லை. உள் கடற்காயலில் வளர்ந்த கிளிமீன்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து பாசியை வெட்டி வைத்தன. பத்து வருஷத்துக்குள் பவளம் திரும்பி வந்தது. 2019-இல் வெப்பம் வந்து மறுபடி அடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீன் கடலைக் குளிரவைக்காது.

கல்லக்குடிக் கடலில் கிளிமீனும் இல்லை, ஓராவும் இல்லை. ஓராவின் மூதாதையர் கல்லாகக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று இத்தாலியின் போல்கா, வயது சுமார் ஐந்து கோடி ஆண்டுதான். கல்லக்குடியின் வயதில் பாதி. கிளிமீன் அதற்கும் பிந்தியது. பேரனுக்கு இதைப் போனில் சொன்னபோது, "அப்ப அங்க யாரு தாத்தா மேய்ஞ்சது?" என்றான். முள்ளெலியும் நத்தையும் அப்போதே இருந்தன என்றேன்.

2023 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெண்களுக்கு வேலை வரும் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். வலை கட்டி வளர்க்கும் பாசிக்கு ஏக்கர் கணக்கு இருக்கும், டன் கணக்கு இருக்கும். வலைக்கு வெளியே ஓரா எத்தனை, கிளிமீன் எத்தனை என்று ஒரு ரிஜிஸ்டர் அங்கே யாராவது திறப்பார்களா என்பதுதான் பழைய எழுத்தனான எனக்குத் தோன்றும் கேள்வி.

போன ஜனவரியில் மகன் காரில் ராமேஸ்வரம் கூட்டிப்போனான். மண்டபத்தில் பழைய வாடகை வீட்டைத் தேடினேன். வீடு மாறிவிட்டது. காம்பவுண்ட் சுவரில் ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது. காரை பெயர்ந்த இடத்தில் மேசைமேல் இருக்கும் கல்லில் உள்ள அதே நட்சத்திரப் பூக்கள். பேரன் விரலால் தடவிப் பார்த்தான். மாலையில் பாம்பன் குந்துகாலில் மீன் ஏலம். இரண்டு கூடை ஓரா, ஒரு கூடையில் பச்சையும் நீலமுமாகக் கிளிமீன், எல்லாம் சிறுசு. மருமகள் ஒரு கிலோ ஓரா வாங்கினாள். ராத்திரி தங்கிய இடத்தில் சமைத்துக் கொடுத்தார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.